பெரிய வெள்ளியன்று கோழிக்கறி

என் அக்கா ஐரின் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நோட்டில்தான் பொய் எழுதினாள். அதையும் உருப்படியாக எழுதத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உண்மையச் சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவளுக்குப் பொய்யில் என்ன பயிற்சி இருக்கும்? நல்லவேளை இல்லை. அந்தப் பொய் அகப்படாமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மதுரை பழங்காநத்தத்தில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் அக்காவும் லாசர் மச்சானும், மாடியில் நானும் என் மனைவி ஜெசிந்தாவும் குடியிருந்தோம். மச்சானுக்கு லாரி ஆபீசில் புக்கிங் வேலை. அக்கா மிஷன் பள்ளியில் டீச்சர். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐந்தடி ஓரங்குல உயரம், எண்பத்தாறு கிலோ எடை. சிரித்தால் பக்கத்து வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் அவள் உட்காரும் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும், ஏனென்றால் "எய்யா, சாம்பார் வாளி ஊருக்குப் போயிருச்சா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். தான் குண்டு என்பதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி வந்தால் எல்லா அணியும் அவளைத்தான் கேட்கும்.

இரண்டாயிரமாவது வருடம் என் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. முப்பத்தைந்து வயதில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ், வேலைக்கு நீண்ட விடுப்பு என்று ஆனது. அதைவிடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். மதுரை வெயிலில் முக்கால் லிட்டரை வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்திப் பாருங்கள், அப்போது தெரியும். காயை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, சக்கையைத்தான் தின்ன வேண்டும். வாழைப்பழம், தக்காளி, இளநீர் எல்லாவற்றுக்கும் தடை. ஜெசிந்தா சமையலறையில் நின்று காய் வடிக்கும்போது மூக்கைச் சீந்துவது எனக்குக் கேட்கும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். ஜெசிந்தாவின் ரத்தம் சேரவில்லை. அக்காவின் ரத்தம் அச்சாகச் சேர்ந்தது. "அப்பறம் என்ன, நாளைக்கே எடுத்துக்கங்க டாக்டர்" என்று கையை நீட்டினாள், ரத்தம் எடுக்கக் கொடுப்பதைப் போல.

டாக்டர் அவளை எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "டீச்சர், இந்த எடையில உங்களுக்குக் கத்தி வைக்க மாட்டேன். மயக்க மருந்தே ஆபத்து. அப்பறம் ஒரே கிட்னிய வச்சுக்கிட்டு இம்புட்டு ஒடம்பச் சொமக்கணும், பிரஷர் வேற எட்டிப் பாக்குது. ஆகஸ்டுக்குள்ள எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்க. செப்டம்பர்ல பண்ணிரலாம்."

"ஆகஸ்ட்ல முடியாட்டி?" என்று கேட்டாள் அக்கா.

அவர் என் இடது கையைப் பார்த்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்கென்று அதில் ஒரு ரத்தக்குழாயைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அது ஏற்கனவே ஒரு தடவை அடைத்துக்கொண்டு, பிழைத்ததே பெரிதாகிப் போனது. "செப்டம்பர் வரைக்கும் தாங்கும்னு நெனக்கிறேன். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

அப்போது இரண்டாயிரத்தொன்று பிப்ரவரி மாதம். ஆறு மாதத்தில் பதினான்கு கிலோ குறைய வேண்டும். அக்காவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். பழங்காநத்தம் ரவுண்டானா வந்ததும் அக்கா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, செருப்புக்கடைக்குள் போய், வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உணவுக்கென்று இந்துப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் அக்காவுக்கு ஒரு தாளில் மூன்று வேளைக்கும் எழுதிக் கொடுத்தாள். இத்தனை இட்லி, இத்தனை முட்டை, மத்தியானம் ஒரு கப் சோறு, பருப்பு, கீரை, கோழிக்கறியோ மீனோ நூறு கிராம், சாயங்காலம் சுண்டல் என்று எல்லாம் கணக்காக இருந்தது. "ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரி டீச்சர். இதுக்கு மேலயும் வேணாம், கீழயும் போயிராதீங்க. நீங்க தெனமும் ஒரு மணி நேரம் நடக்கப் போறீங்க, அதுக்குத் தீனி வேணும். சாப்பிட்டத ஒரு நோட்ல எழுதி மாசாமாசம் காமிங்க" என்றாள். அக்கா பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, நூறு பக்க நோட்டுக்கு அட்டை போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் கோடு கிழித்தாள்.

அடுத்த வாரமே சாம்பல் புதன் வந்துவிட்டது. எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம். அந்த நாட்களில் பக்தியுள்ளவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், அதாவது ஒரு நாளைக்கு ஒருவேளைதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. ஏசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று கஞ்சி மட்டும்தான். கடவுளிடம் ஒன்று வேண்டுமானால் வயிற்றைக் காயப்போடுவது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன வழி. பரீட்சைக்கு ஒருசந்தி, வேலைக்கு ஒருசந்தி, பெண் பார்க்க வந்துபோன மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்வதற்கும் ஒருசந்தி. தம்பியின் உயிருக்கு இல்லாத ஒருசந்தியா? எடையும் குறையும், சாமியும் இரங்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அக்கா தனக்குள் ஒரு கணக்குப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

காலை ஐந்தரைக்குச் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகி, வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு, திருப்பரங்குன்றம் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். டீக்கடைக்காரர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் "டீச்சர், இன்னைக்கு மூணு நிமிசம் லேட்டு" என்று நேரம் சொன்னார்கள். திரும்பி வந்து ஒரு டம்ளர் மோர். பள்ளிக்குக் கொண்டுபோன டப்பா அங்கே ஆயா வேலை பார்த்த இருளாயியின் வீட்டுக்குப் போனது. வீட்டுக்கு வந்து இரவில் இரண்டு இட்லி. எங்களிடம் "நான் ஸ்கூல்லயே நல்லாச் சாப்பிட்டேன்" என்பாள். அவள் வாயிலிருந்து வந்த சொல்லாயிற்றே, நம்பினோம்.

நாலே வாரத்தில் எண்பத்தாறு எழுபத்தொன்பதாக இறங்கியது. மச்சான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதோடு நின்றது. அடுத்த வாரமும் எழுபத்தொன்பது. அதற்கடுத்த வாரமும் அதே எழுபத்தொன்பது. அவள் இன்னும் அரை மணி நேரம் கூட்டி நடந்தாள். பிள்ளைகளிடம் பறிமுதல் செய்து பீரோவில் பூட்டி வைத்திருந்த ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்து மொட்டைமாடியில் குதித்தாள். கீழே எங்கள் தலையில் காரை உதிர்ந்ததே தவிர எடை முள் அசையவில்லை. தலைவாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்த்தால் சுவரில் ஒட்டடை இருப்பதாகக் கையைக் காட்டினாள். சிரிப்பும் குறைந்துபோனது. பக்கத்து வீட்டுக் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

பெரிய வெள்ளியன்று காலையில் கோயில் வளாகத்தில் வெயிலில் சிலுவைப்பாதை நடந்தது. ஆண்டவர் சிலுவை சுமந்துபோன வழியைக் குறிக்கும் பதினான்கு ஸ்தலங்களிலும் முழங்காலிட்டு எழுந்து வர வேண்டும். ஒன்பதாம் ஸ்தலம், ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற இடம். அங்கே என் அக்காவும் விழுந்தாள். முழங்காலிட்டவள் எழவில்லை, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் ஒருவன், கையில் பலமே இல்லாதவன், "அக்கா, அக்கா" என்று கத்தியது சாமியாரின் மைக்கிலும் கேட்டதாம்.

நான் டயாலிசிஸுக்குப் போகும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப் ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரவுண்டுக்கு வந்த எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலைல என்ன சாப்பிட்டாங்க?" எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. மச்சான்தான், "எல்லாம் நோட்ல எழுதுவா டாக்டர்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த நோட்டைக் கொண்டுவந்தார்.

டாக்டர் புரட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம். "காலைல நாலு இட்லி, ஒரு முட்டை. சரி. மத்தியானம் ஒரு கப் சோறு, கீரை, கோழிக்கறி நூறு கிராம்..." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே கால். "மத்தியானச் சாப்பாடு அதுக்குள்ள ஆயிருச்சா?"

மச்சான் வாயைப் பிளந்தார். "கோழிக்கறியா? இன்னைக்கா? டாக்டர், இன்னைக்குப் பெரிய வெள்ளி! எங்க வீட்டுப் பூனைகூட இன்னைக்குக் கறி திங்காது."

நான் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை இரவுச் சாப்பாடு வரை எழுதி முடித்திருந்தது. எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. டீச்சர்கள் வாரத்துக்கு ஒருமுறை பாடக்குறிப்பு எழுதுவார்கள். வரப்போகிற வாரம் என்ன நடத்தப் போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து நாள்வாரியாக எழுதி வைத்துவிடுவார்கள், நடத்துகிறார்களோ இல்லையோ. அக்கா அந்தப் பழக்கத்தில் இந்துப்ரியாவின் தாளைப் பார்த்து அப்படியே வாரம் முழுவதற்கும் இறக்கியிருக்கிறாள். எந்த நாள் எது என்று யோசிக்காமல் பெரிய வெள்ளிக்கும் கோழியை எழுதிவிட்டாள். பார்த்து எழுதும் பிள்ளைகளை எத்தனை பேரை முட்டிபோட வைத்திருப்பாள் இவள்!

சாயங்காலம் ரத்தச் சோதனை முடிவு வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"டீச்சர், உள்ள அடுப்பு எரியணும்னா வெறகு வேணும். நீங்க வெறகே போடாம நடக்குறீங்க, குதிக்கிறீங்க. அது என்ன பண்ணும்? உத்தரத்தப் பிடுங்கி எரிக்கும். ஒங்க ஒடம்புல கொழுப்பு எறங்கல, சதையும் ரத்தமும்தான் எறங்கிருக்கு. தீனி வராதுன்னு தெரிஞ்சதும் ஒடம்பும் அடுப்பைக் கொறச்சுக்கிருச்சு. அதான் எட எறங்க மாட்டேங்குது. பட்டினி கெடக்குற ஆள்கிட்டருந்து நான் கிட்னி எடுக்க மாட்டேன். ஆகஸ்ட் கடைசில ஹீமோகுளோபின் பன்னெண்டு, எட எழுபத்திரண்டுக்குக் கீழ. ரெண்டும் வேணும். ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லேன்னா ஒங்க பேரை அடிச்சிருவேன்."

அவர் போனபின் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஏன்க்கா பொய் எழுதுன?"

அவள் டிரிப் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சாப்புடுறப்ப ஒன்னைய நீயே பாத்திருக்கியாடா? பாட்டில்ல கோடு போட்டு வச்சு, அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே குடிக்கிற. அன்னைக்கு ஒருநா வாசல்ல ஒக்காந்து ஒத்த ஐஸ் கட்டிய அரை மணி நேரமா சப்பிக்கிட்டு இருந்த. எனக்குச் சோறு எறங்கல. நீ அப்படிக் கெடக்கையில நான் மீனும் முட்டையுமாத் தின்னா சாமி எனக்குக் குடுக்குமாடா? ஒனக்கு ஆபரேசன் ஆகுற வரைக்கும் ஒருசந்தின்னு நேந்துக்கிட்டேன்."

"அப்ப ஆபரேசனே ஆகாது போ" என்றேன். "நீ தின்னாத்தான்க்கா நான் தண்ணி குடிக்க முடியும். ஒனக்கு இது வெளங்கலையா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நேர்ச்சைய நானா அவுக்க முடியாதுடா, சாமியாருதான் அவுக்கணும்" என்றாள்.

மறுநாள் ஈஸ்டர் இரவுப் பூசைக்கு மெழுகுவர்த்தி எண்ணிக்கொண்டிருந்த பங்குச் சாமியாரை மச்சான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், அவசரக்காரர். இந்துப்ரியாவின் தாளை வாங்கி ஒரு நிமிடம் படித்தார். "நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. டீச்சர், இந்தத் தாள்ல இருக்குறத ஒரு வாய் மிச்சம் வைக்காம தெனமும் சாப்புடணும். இனிமே இதான் ஒங்க நேர்ச்சை. மீறுனா பாவசங்கீர்த்தனத்துல வந்து சொல்லணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இத நீங்க கூட இருந்து பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்திக்கு ஓடினார்.

அப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் வாய்த்தது. ஈஸ்டர் ஞாயிறிலிருந்து மூன்று வேளையும் அக்காவின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆட்டின் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், ரத்தம் ஊறுவதற்கு நல்லது என்று இந்துப்ரியாவும் சொன்னாள். ஜெசிந்தா அதை மிளகு போட்டு வதக்கி வைப்பாள். முருங்கைக்கீரை, அவித்த முட்டை, அயிரை மீன் குழம்பு, கேழ்வரகு அடை. மதுரையில் பிறந்தவனுக்கு அயிரை மீன் குழம்பின் வாசம் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாயில் எச்சில் ஊறும். அந்த எச்சிலும் முக்கால் லிட்டர் கணக்கில் சேருமா என்று டாக்டரைக் கேட்கத் தோன்றும். அக்கா தலை குனிந்தபடி சாப்பிடுவாள். முதல் நாள் அவள் கண்ணீர் இலையிலேயே விழுந்தது. "அழுதுக்கிட்டே தின்னாலும் கணக்குத்தான், தின்னு" என்றேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நோட்டை எடுப்பாள். நான் பார்த்துச் சிவப்பு மையால் 'சரி' போடுவேன். பாடக்குறிப்பு எழுதுகிற வேலையெல்லாம் அத்தோடு ஒழிந்தது.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால் எண்பது கிலோ நானூறு கிராம்.

அக்கா வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டாள். "ஏறிப்போச்சுடா! நீங்கள்லாம் சேந்து என்னையத் திங்கவச்சு ஒன்னையக் கொல்லப் பாக்குறீங்க!" அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இரவும் சாப்பிடவில்லை. வாடியிருந்த உடம்பு கொஞ்சம் நீர் பிடிக்கத்தான் செய்யும், ஏறித்தான் இறங்கும் என்று இந்துப்ரியா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். காதில் வாங்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, எனக்கு டயாலிசிஸ். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டேன். "நீ சாப்புடாட்டி நான் போகல" என்றேன். ஜெசிந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். மச்சான் அதட்டினார். மணி ஒன்பது, பத்து, பத்தரை. எனக்கு மூச்சு கனக்க ஆரம்பித்தது. உள்ளுக்குள் பயந்து நடுங்கினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுடைய தம்பி அல்லவா, பிடிவாதம் ஒரே கடையில் வாங்கியதுதான். பதினொரு மணிக்குக் கீழே பாத்திரம் உருளும் சத்தம். அக்கா தட்டோடு மாடி ஏறி வந்தாள். என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே நாலு இட்லியையும் முட்டையையும் என்னைத் திட்டிக்கொண்டே தின்றாள். இட்லிக்கு ஒரு வசவு. கடைசி வாயை விழுங்கிவிட்டு, "எந்திரிடா நாயே, ஆட்டோ நிக்குது" என்றாள்.

அதற்கப்புறம் அவள் தட்டைத் தள்ளியதே இல்லை.

மே மாதக் கடைசியில் எழுபத்தெட்டு. ஜூனில் எழுபத்தாறரை. சாப்பிடச் சாப்பிட எடை இறங்குவதை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. "டீச்சர் ஏதோ மாத்திரை போடுறாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அவள் நடையிலும் வேகம் வந்திருந்தது. பழைய ஒரு மணி நேரத்துக்குள் அரை மைல் கூடுதலாகவே நடந்து திரும்பி வர ஆரம்பித்தாள். டீக்கடைக்காரர்கள் நேரம் சொல்வதை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

பள்ளி திறந்ததும் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நானே எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. தங்களைச் சோற்றை மிச்சம் வைக்காதே என்று விரட்டுகிற டீச்சருக்கு மேலே ஒரு அதிகாரி வந்துவிட்டாரே! ஒருநாள் அக்கா கீரையை ஓரத்தில் ஒதுக்கியதைக் கண்டுபிடித்து, "சார், டீச்சர் கீர வச்சிருக்காங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. அக்கா அந்தக் கீரையை வழித்துத் தின்றுவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு, பழைய சிரிப்பைச் சிரித்தாள். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்தச் சிரிப்பை மறுபடி கேட்போம் என்ற நம்பிக்கையே போயிருந்தது.

ஜூலையில் எழுபத்துநாலு. என் கைக் குழாய் அந்த மாதம் மறுபடி அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தேன். கீழே நாற்காலியில் போய் உட்கார முடியவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கே வந்தாள். நான் கண்ணை மூடிக்கிடந்தாலும் சத்தம் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சாப்பிட்டாள். "இப்ப முட்டை. இப்ப பருப்பு. இப்ப சுவரொட்டி, ஜெசிந்தா உப்பக் கூடப் போட்டுட்டா." நோட்டில் அந்த வாரம் 'சரி' மட்டும் கோணல்மாணலாக இருக்கும், படுத்துக்கொண்டே போட்டது.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா ரத்தம் கொடுத்துவிட்டு, எடை இயந்திரத்தின் முன்னால் நின்று வளையலைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அடிப்பாகம் தேய்ந்து அட்டையாகிப்போன ஷூ. கொண்டை ஊசிகளையும் உருவ ஆரம்பித்தபோது நர்ஸ், "டீச்சர், அதெல்லாம் கழட்ட வேணாம், ஏறுங்க" என்றாள். "நீ சும்மா இரும்மா, ஒனக்கென்ன தெரியும்" என்று கடைசி ஊசியையும் உருவிவிட்டுத்தான் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எழுபத்தொண்ணு அறுநூறு" என்றாள் நர்ஸ்.

"திரும்பப் பாரு."

"எழுபத்தொண்ணு அறுநூறுதான் டீச்சர்."

அக்கா இறங்கினாளே தவிர அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஹீமோகுளோபின் வரும்வரை பக்கத்திலேயே நின்றாள், விலகினால் எடை ஏறிவிடும் என்பதைப் போல. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் தாளோடு வந்தார். "பன்னெண்டு புள்ளி நாலு" என்றார். பிறகு என் அக்காவுக்குக் கைகொடுத்தார். பிரஷரும் சரியாகியிருந்தது. மச்சான் வராந்தாவில் தனக்குப் பக்கத்தில் இருந்த, யாரென்றே தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்துப்ரியா அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, "இத நான் வச்சுக்கிறேன் டீச்சர், மத்தவங்களுக்குக் காமிக்க" என்றாள். முதல் பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தருவதாக அக்கா சொன்னாள். இந்துப்ரியா விடவில்லை. "அதைத்தான் மொதல்ல காமிக்கணும்."

செப்டம்பரில் ஆபரேஷன். அடுத்தடுத்த இரண்டு அறைகள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகையில் அவள் தன் கட்டிலிலிருந்து கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதுதான் ஆசீர்வாதம். கண் விழித்தபோது, இணைத்ததும் ஆபரேஷன் மேசையிலேயே புதுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் தொங்கிய மூத்திரப் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் காலி செய்துகொண்டே இருந்தாள். அக்காவுடையது அல்லவா, எதையும் அரைகுறையாகச் செய்யாது.

நான்காம் நாள் காலை. டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, "இனிமே தண்ணிக்குக் கட்டுப்பாடு இல்ல. கட்டாயம்தான். ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் அதில் கோட்டைத் தேடினேன்.

அப்போது கதவு திறந்தது. முகமூடி கட்டி, பச்சை அங்கி போட்டு, இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா அடி அடியாக நடந்து வந்தாள். பின்னால் நர்ஸ், கையில் மூடி போட்ட சொம்பு. அக்காவின் கக்கத்தில் ஒரு புது நோட்டு. அட்டை போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்புக் கோடும் கிழித்திருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே வீட்டிலிருந்து எடுத்து வந்து ஒளித்து வைத்திருந்தாளாம்.

எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, 'காலை: தண்ணீர், ஒரு சொம்பு' என்று எழுத வந்தவள், பேனாவை நிறுத்திக்கொண்டாள்.

"முன்கூட்டி எழுத மாட்டேன். குடி, அப்பறம் எழுதுறேன்."

சொம்பு நிறையத் தண்ணீர். காய்ச்சி ஆற வைத்தது. அதை இரண்டு கையாலும் வாங்கினேன். ஒன்றரை வருடமாக நான் அவ்வளவு தண்ணீரைக் கையில் பிடித்ததில்லை. அதன் கனமே எனக்கு மறந்துபோயிருந்தது. வாயருகே கொண்டுபோனவன் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டேன். தையல் வலித்தது, நிறுத்த முடியவில்லை. சொம்பு ஆடி, தண்ணீர் போர்வையில் சிந்தியது.

என் அக்காவும் அழுதாள். முகமூடி நனைவது தெரிந்தது. ஆனால் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"சிந்தாதடா, கணக்குல வராது. மொதல்ல குடி. அப்பறம் அழுதுக்கலாம்."